ஒரே தாளில் பல படங்கள்: வரிசை மாறாமல் அச்சிட

மொபைல் போனிலோ டிஜிட்டல் கேமராவிலோ எடுத்த படங்களைத் தனித்தனித் தாளில் அச்சிட்டால் மையும் தாளும் வீண். ஒரே ஏ4 தாளில் நான்கு, ஒன்பது என அச்சிட விண்டோஸிலேயே வசதி இருக்கிறது. இதற்கென எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். ஆனால் படங்கள் நினைத்த வரிசையில் வருவதில்லை என்பதுதான் புதியவர்கள் பலரின் புகார்.

கல்யாணப் படங்களில் முகூர்த்தத்துக்கு முன்னால் பந்தி வந்துவிட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். எல்லா இடத்திலும் அப்படி முடியாது. எங்கள் பக்கம், பழனிக்கு அருகே மலை அடிவாரத்தில் உள்ள பாலசமுத்திரம் போன்ற ஊர்களில், தோட்டத்துக்குள் யானை புகுந்து தென்னையைச் சாய்த்துவிட்டால் இழப்பீடு கேட்டு வனத்துறைக்கு மனு எழுதுவார்கள். உடைந்த வேலி, கால்தடம், சாய்ந்த மரங்கள், பிறகு முழுத் தோட்டம் என்று படங்கள் ஒரே தாளில் வரிசையாக இருந்தால், பார்க்கும் அதிகாரிக்கு நடந்தது புரியும். கலைந்திருந்தால் எது எங்கே என்று திரும்பக் கேட்பார். அதற்குள் மரத்தை அப்புறப்படுத்தியிருப்போம். மறுபடி படம் எடுக்க வழியில்லை.

முதலில் பைல் பெயரைக் கவனியுங்கள். போனில் எடுத்த படத்தின் பெயரில் பெரும்பாலும் தேதியும் நேரமும் எண்களாக இருக்கும். பெயர்ப்படி அடுக்கினாலே எடுத்த வரிசை கிடைத்துவிடும். சிக்கல், வாட்ஸ்அப்பில் வந்த படங்களில்தான். அந்தப் பெயரில் இருப்பது வந்து சேர்ந்த தேதியும் ஒரு வரிசை எண்ணும். எடுத்த நேரம் அல்ல. படத்துக்குள் பதிவாகியிருக்கும் எடுத்த தேதி, இடம் போன்ற தகவல்களையும் வாட்ஸ்அப் நீக்கிவிடுகிறது. எனவே இத்தகைய வேலைக்கு யூஎஸ்பி கேபிள் வழியே படங்களை மாற்றுங்கள். முடியாவிட்டால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். பைல் அப்படியே வரும்.

இனி வேண்டிய படங்களை மட்டும் புதிய போல்டர் ஒன்றில் காப்பி செய்திடுங்கள். எப்2 கீயை அழுத்தி 01, 02, 03 எனப் பெயர் கொடுங்கள். முன்னால் பூஜ்யம் எதற்கு என்கிறீர்களா? விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் 2-க்குப் பிறகு 10 என்று சரியாகவே அடுக்கும். சில புரோகிராம்கள் 1, 10, 2 என்று அடுக்கிவிடும்.

போல்டரைப் பெயர்ப்படி அடுக்கி, முதல் படத்தில் கிளிக் செய்து, ஷிப்ட் கீயை அழுத்தியபடி கடைசிப் படத்தில் கிளிக் செய்திடுங்கள். அடுத்து, முதல் படத்தின் மீதே ரைட் கிளிக் செய்திடுங்கள். இதில்தான் பலர் தவறுகிறார்கள். எந்தப் படத்தின் மீது ரைட் கிளிக் செய்கிறீர்களோ, அதுவே பிரிண்ட்டில் முதலாவதாக வரும். மெனுவில் 'பிரிண்ட்' தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11-ல் அது கண்ணில் படாவிட்டால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' உள்ளே பாருங்கள்.

கிடைக்கும் விண்டோவின் வலது பக்கம் அளவுகள் இருக்கும். 9க்கு 13 செ.மீ. என்றால் தாளுக்கு நான்கு படம். 'வாலட்' என்றால் ஒன்பது. 'கான்டாக்ட் ஷீட்' என்றால் 35. கடைசியில் படத்தின் கீழே பைல் பெயரும் அச்சாகும், ஆனால் படம் தபால் தலையை விடக் கொஞ்சம்தான் பெரிது. மனுவுக்கு நான்கே போதும் என்பது என் கருத்து.

கீழே 'பிட் பிக்சர் டு பிரேம்' என்ற கட்டத்தில் டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். டிக் இருந்தால் சட்டத்தை நிரப்புவதற்காகப் படத்தின் ஓரங்கள் வெட்டப்படும். பத்திரம், பட்டா போன்றவற்றைப் படம் எடுத்து அச்சிடும்போது ஓரத்தில் உள்ள சர்வே எண்ணே போய்விடலாம். பிரிவியூவைப் பார்த்துவிட்டு பிரிண்ட் கொடுங்கள்.

இந்த வசதியில் ஒரு குறை உண்டு. அகலப் படங்களை அதுவாகவே திருப்பி அடுக்கிவிடும். தாளைச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். அது பிடிக்காவிட்டால் எம்எஸ் வேர்டிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலோ இரண்டு காலம் உள்ள டேபிள் ஒன்றை அமைத்து, கட்டத்துக்கு ஒரு படமாக இன்செர்ட் செய்திடுங்கள். வேர்டில் டேபிள் பிராப்பர்ட்டீஸ் சென்று, ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி, உள்ளடக்கத்துக்கு ஏற்ப அளவு மாறும் வசதியை முதலில் நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் பெரிய படம் ஒன்று டேபிளையே இழுத்துக்கொண்டு போகும். நேரம் கொஞ்சம் கூடுதலாகும். ஆனால் ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்த தேதி, தோட்டத்தின் சர்வே எண், 'கிழக்கு வேலி' போன்ற குறிப்புகளைத் தமிழிலேயே டைப் செய்துகொள்ளலாம்.