தணிகையில் தம்பதி போஜனம்

அவருக்குக் காரம் இல்லாத சாப்பாடு சாப்பாடே அல்ல. அம்மாளுக்கோ மிளகாயைக் கண்டாலே கண்ணில் நீர் வரும். இத்தகைய தம்பதிகள் யாத்திரை புறப்பட்டால், ஸ்வாமி தரிசனத்தைக் காட்டிலும், எங்கே இலை போடுவது என்பதே பெரும் விவாதமாகி விடுகிறது. அவர்களுக்கு நாம் திருத்தணியைச் சிபாரிசு செய்வோம்.

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லை ஊர் அது. ஆந்திரத்தில் இருந்த அவ்வூர், 1960 ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது. ஆனால் வரைபடத்தில் இழுத்த கோடு நாக்குக்குத் தெரியுமா? வடக்கே நகரிப் பக்கத்தின் பருப்புப் பொடியும், கோங்குராவும், ஆவக்காயும் ஒரு ருசி. தெற்கத்திப் பொங்கலும், கூட்டும், மிளகு ரசமும் மற்றொரு ருசி.

ஆகையால், சாப்பாட்டு விடுதியின் பெயர்ப் பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். "பருப்புப் பொடி உண்டா? காரமில்லாத கூட்டு உண்டா?" என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். இரண்டுக்கும் "உண்டு" என்றால் உட்காருங்கள். ஒன்று இல்லையென்றால் அடுத்த விடுதிக்கு நடையைக் கட்டுங்கள். வீட்டில் என்றும் விட்டுக் கொடுப்பவர் அம்மாள்தான். யாத்திரையிலாவது அவர் ருசிக்கும் ஓர் இடம் வேண்டாமா?

தேவர் தலைவனான முருகனே வேடர்குல வள்ளியிடம் தேனும் தினைமாவும் கேட்டு உண்டான் என்கிறது புராணம். அவன் சினம் தணிந்த மலையில் 365 படி ஏறி இறங்கியவர்கள், இலைக்கு முன்னால் சண்டை போடலாமா?