செஞ்சியின் காய்ச்சலும் களஞ்சியமும்

செஞ்சி என்றதும் எளிதில் பிடிக்க முடியாத கோட்டை என்றுதான் நினைவுக்கு வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் சேர்த்து வளைத்த மதில். ஜுல்பிகர் கானின் மொகலாயப் படை 1690-இல் முற்றுகையிட்டது. கோட்டைக்குள் நுழைய 1698 ஆகிவிட்டது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

இந்த மதிலுக்குள் பத்திரமாக இருந்தவர்களைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி ஓர் இரவுச் சண்டையில் கோட்டையைப் பிடித்தார். 1761 ஏப்ரலில் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் நூறு ஐரோப்பியருக்கு மேல் இங்கே வைத்திருக்கவில்லை. ஆனால் இழந்தது 1,200 பேரை என்று எழுதுகிறார் அந்தக் காலத்துப் போர்களை வரலாறாக எழுதிய ராபர்ட் ஓர்ம். நூறு பேர் இருந்த இடத்தில் ஆண்டுக்கு நூற்றிருபது சாவு. அப்படியானால் வருடத்துக்கு ஒரு காவல்படையே மண்ணுக்குள் போயிருக்கிறது, அந்த இடத்தை நிரப்ப இன்னொரு படை வந்திருக்கிறது. வெளியே முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயப் படையிலும் 300 சிப்பாய்கள் செத்துப்போனார்கள். சரணடைகிறோம் என்று உள்ளேயிருந்து சொல்லி அனுப்பியபோது முற்றுகையை நடத்திய கேப்டன் ஸ்மித் சட்டென்று ஒப்புக்கொண்டதற்கு அதுவும் காரணம்.

ஓர்ம் பழியைக் காற்றின் மேல் போட்டார். அன்று கர்நாடகம் என்று சொல்லப்பட்ட இந்தப் பகுதியிலேயே இதைவிட உடம்புக்கு ஆகாத இடம் இல்லை என்பது அன்றைய பேச்சு. காற்று என்று அவர்கள் நினைத்தது பெரும்பாலும் மலேரியாவாக இருக்க வேண்டும். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள உறவை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் 1897-இல்தான் கண்டுபிடித்தார். அதைத் தெரிந்துகொண்டு இன்று ராஜகிரி அடிவாரத்தில் செட்டிக்குளத்தையும் சக்கரக்குளத்தையும் பார்க்கும்போது எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. எத்தனை மாத முற்றுகையையும் தாங்க வைத்த தண்ணீரே கொசுவையும் வளர்த்திருக்க வேண்டும். மதிலில் ஏற ஏணி தேவைப்படாத எதிரி அது.

அப்படியானால் உள்ளூர்க்காரர்கள்? அதே குளத்தங்கரையில்தான் அவர்களும் இருந்தார்கள், அதே கொசுதான் அவர்களையும் கடித்தது. ஊர் அழிந்துபோகவில்லையே, ஏன்?

மலேரியாவை நம் ஊரில் முறைக்காய்ச்சல் என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர். நோயின் நடையையே சொல்லிவிடுகிறது. ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுக்குள் புகுந்து பெருகி, ஏறக்குறைய 48 மணி நேரத்துக்கு ஒரு முறை அணுக்களை உடைத்துக்கொண்டு வெளியே வரும். வெளியே கொட்டிய கழிவைக் கண்டதும் வெள்ளையணுக்கள் ரசாயனச் செய்தி அனுப்பும். அது மூளைக்குப் போய்ச் சேர்ந்தால், உடம்பின் சூட்டை ஏற்றச் சொல்லி உத்தரவு வரும். போர்வைக்குள் பல் கிட்டிப்போய் நடுங்குவது அந்தச் சூட்டை உண்டாக்கத்தான். ஆக, காய்ச்சல் என்பது கிருமி செய்வதல்ல. கிருமிக்கு எதிராக உடம்பு செய்வது.

அம்மை ஒரு தடவை வந்து போனால் உடம்பு அதை ஆயுளுக்கும் மறப்பதில்லை. மலேரியா அப்படி இல்லை. அந்த ஒட்டுண்ணி தன் அடையாளத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். இன்று பிடித்த முகம் நாளைக்கு இருக்காது. பல பருவம், பல கடி, பல காய்ச்சல் கண்ட பிறகுதான் உடம்பு ஒருவாறு அதன் போக்கைப் படித்துக்கொள்ளும். அப்போதும் நோய் வராமல் போய்விடாது. வந்தாலும் பெரும்பாலும் ஆளைக் கொல்லாது, அவ்வளவுதான். சில ஆண்டுகள் வேறு ஊருக்குப் போய்விட்டால் அந்தப் பாடமும் மெல்ல மறந்துபோகும். பிரான்சிலிருந்து கப்பலில் வந்திறங்கிய இருபது வயது இளைஞனுக்கு இந்தப் படிப்பு எதுவும் இல்லை. வேறு சீமையிலிருந்து வந்த சிப்பாயின் உடம்புக்கும் செஞ்சியின் காய்ச்சல் புதிதுதான்.

உள்ளூர் உடம்பு இதைச் சும்மா படித்துவிடவில்லை. மலேரியா குடியிருக்கும் ஊர்களில் முதலில் சாவது ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். பிழைத்த பிள்ளைதான் தாக்குப்பிடிக்கும் பெரியவனாக வளர்கிறது. ஓர்ம் சிப்பாய்களை எண்ணி எழுதிவைத்தார். செஞ்சியைச் சுற்றிய குடிசைகளில் போன குழந்தைகளை யாரும் எண்ணவில்லை. உள்ளூர்க்காரனுக்கு உடம்பு உறுதி என்று பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த எண்ணாத குழந்தைகளின் நினைவு வருகிறது.

இப்படி விலை கொடுத்து உடம்பு கற்கும் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று இன்று பொடியும் மாத்திரையும் விற்கிறார்கள். கூட்டிக்கொண்டே போக அது வங்கிக் கணக்கு இல்லை. கொரோனா காலத்தில் பலரின் நுரையீரலைக் கெடுத்ததில் வைரஸுக்கு எவ்வளவு பங்கோ, அடங்காமல் போன எதிர்ப்புக்கும் அவ்வளவு பங்கு இருந்தது. ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்குப் போன நோயாளிகளில் பலரை டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு காப்பாற்றுகிறது என்று 2020 ஜூனில் பிரிட்டனில் தெரியவந்தது. அது எதிர்ப்பைத் தூண்டும் மருந்தல்ல, அடக்கும் மருந்து. அடுத்த ஆண்டே நம் நாட்டில் அதன் மறுபக்கத்தையும் பார்த்தோம். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தவர்கள், ஸ்டீராய்டு அளவு மீறியவர்கள் என்று எத்தனையோ பேருக்குக் கரும்பூஞ்சை வந்து கண்ணைப் பறித்தது. அதிகமானாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

இந்த ஸ்டீராய்டின் உறவுக்காரனை உடம்பே சுரக்கிறது. கார்ட்டிசால் என்று பெயர். பயத்திலும் நெருக்கடியிலும் சுரந்து, எதிர்ப்பின் வேகத்தைத் தணித்து, இருக்கிற சக்தியை ஓடவும் சண்டையிடவும் திருப்பிவிடும். ஒரு மணி நேரத்துக்கு அது நல்லது. மாதக்கணக்கில் நீடித்தால் உடம்பு பழுது பார்ப்பதையே ஒத்திப்போடுகிறது. மறதி நோய் வந்த உறவினரைப் பராமரித்த 13 பெண்களின் கையில் சிறு காயம் உண்டாக்கி, அது ஆறும் நாட்களை 1995-இல் அமெரிக்காவில் கணக்கெடுத்தார்கள். அப்படிப்பட்ட சுமை இல்லாத பெண்களைவிட இவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. படுக்கையில் கிடக்கும் மாமியாரை ஆண்டுக்கணக்கில் கவனிக்கும் மருமகள் நம் தெருவிலும் இருக்கிறாள். அவளுக்கு ஜலதோஷம் விடுவதே இல்லை என்று பேசுகிறோம். அவளுக்குப் பதிலாக ஒரு ராத்திரி யாராவது கண்விழித்திருக்கிறோமா?

ராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகாலைப் பார்த்துவிட்டுப் பெரும்பாலானவர்கள் மலையேறப் போய்விடுகிறார்கள். எனக்கு அங்கே பிடித்த இடம் நெற்களஞ்சியம். தடித்த சுவர், உயர்ந்த வளைவுக் கூரை, உள்ளே இருட்டும் குளிர்ச்சியும். மதில் எவ்வளவு உயரமாக இருந்தாலும் இது காலியானால் கோட்டை நிற்காது என்று கட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது.

காசநோய்க் கிருமியை உடம்பு கையாளும் விதத்திலும் மதில், களஞ்சியம் இரண்டும் உண்டு. முழுதாகக் கொல்ல முடியாதபோது வெள்ளையணுக்கள் சுற்றிச் சூழ்ந்து, ஒரு சிறு முடிச்சுக்குள் அதைச் சிறைவைத்துவிடும். நம்மில் எத்தனையோ பேர் அந்தச் சிறையைச் சுமந்துகொண்டு, நோய் என்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறோம். காவலுக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சோறு வேண்டும். வயிறு காய்ந்தால், சர்க்கரை ஏறினால், சிறைச்சுவர் இளகும்.

இது வெறும் உவமை இல்லை என்று ஜார்க்கண்டில் நிரூபித்துக் காட்டினார்கள். அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் நடத்திய ஆய்வு அது. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. நோயாளிக்கு மட்டுமல்லாமல் அவர் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. 2023-இல் முடிவு வெளியானது. தடுப்பூசி கூட அல்ல, அரிசியும் பருப்பும்.

செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை மலையாகக் குவியும். அதைத் தலையில் சுமப்பவர்கள் நெல் தூசியையும் சேர்த்துத்தான் சுவாசிக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால், மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். பணம் அவருடைய கணக்கில்தான் விழும். ஆனால் வீட்டில் இருப்பது ஒரு தட்டு இல்லை. சுமை தூக்குகிறவர் படுத்துவிட்டால் கூலி நின்றுபோகும். அந்த ஆயிரம் ரூபாயில் வாங்கிய அரிசியை மனைவியும் பிள்ளைகளும் வயதான தாயும் பகிர்ந்துதான் சாப்பிடுவார்கள். அதே அறையில்தான் படுத்துத் தூங்குவார்கள், அவர் இருமிய காற்றைத்தான் சுவாசிப்பார்கள். நோயாளியின் பெயரைப் பதிவேட்டில் எழுதும்போதே அந்த வீட்டில் எத்தனை தட்டு என்பதையும் கேட்டு எழுதி, அத்தனைக்கும் அரிசியும் பருப்பும் அனுப்ப வேண்டும்.