களஞ்சியத்தைச் சேர்க்கும் முன்…

திருவாலங்காட்டில் எங்கள் பள்ளி ஆய்வகக் கணினிகளில் பாஸ் லினக்ஸ் உள்ளது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் இது. இதற்கான மென்பொருள்கள் இணையக் களஞ்சியங்களிலிருந்து வருகின்றன. அவற்றின் முகவரிகள் ‘சோர்சஸ்.லிஸ்ட்’ கோப்பில் இருக்கும்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம், எங்கோ கண்ட ஒரு முகவரியை அதில் சேர்த்துப் புதுப்பித்தேன். வேறு பதிப்புக்கான தொகுப்புகள் கலந்து ஒரு கணினி முடங்கியது. தவறு என்னுடையதே. தொகுப்புகள் நிர்வாகி உரிமையுடன் நிறுவப்படுவதால், களஞ்சியத்தைச் சேர்ப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

இப்போது முதலில் அக்கோப்பை நகலெடுக்கிறேன். பதிப்பின் பெயர் பொருந்துகிறதா எனப் பார்க்கிறேன். தொகுப்பு உரியவரிடமிருந்து வந்ததை உறுதிசெய்யும் கையொப்பம் குறித்து எச்சரிக்கை வந்தால் நிறுத்திவிடுகிறேன். ஒரு கணினியில் சோதித்த பின்னரே மற்றவற்றில் செய்கிறேன். மாணவர்களுக்கும் இதையே கற்பிக்கிறேன்.