ஒரே பிராண்டு, இரண்டு பாட்டில், இரண்டு சுவை... 'சிங்கிள் பேரல்' போர்பன் என்றால் என்ன?

பிளான்டன்ஸ் என்ற அமெரிக்க விஸ்கி பாட்டிலின் லேபிளைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் கையால் எழுதிய சில எண்கள் இருக்கும். எந்தத் தேதியில் பீப்பாயில் இருந்து இறக்கினார்கள், பீப்பாய் எண் என்ன, கிடங்கில் எந்த அடுக்கில் கிடந்தது, இது எத்தனையாவது பாட்டில் என்று எல்லாமே அதில் இருக்கும். கிட்டத்தட்ட பிறப்புச் சான்றிதழ் மாதிரி! மூடியில் இருக்கும் குட்டிக் குதிரைதான் இன்ஸ்டாவில் லைக்ஸ் வாங்குகிறது. ஆனால், கூடுதல் காசு கொடுத்து வாங்குபவர் கவனிக்க வேண்டியது அந்த எண்களைத்தான்.

முதலில் அடிப்படை. எல்லா போர்பனும் விஸ்கிதான், எல்லா விஸ்கியும் போர்பன் கிடையாது. போர்பன் என்று லேபிள் ஒட்ட அமெரிக்கச் சட்டம் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் தயாரிக்க வேண்டும். தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம் புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். தண்ணீரைத் தவிர நிறமோ, எசென்ஸோ எதுவும் சேர்க்கக் கூடாது. அந்தச் செம்பழுப்பு நிறம் முழுக்க மரத்தில் இருந்து இறங்கியதுதான். 'ஸ்ட்ரெய்ட்' என்றும் போட்டிருந்தால், குறைந்தது 2 வருடம் பீப்பாயில் இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

சரி, இதில் 'சிங்கிள் பேரல்' எங்கே வருகிறது?

வழக்கமான போர்பனில் பல பீப்பாய்களை ஒன்றாகக் கொட்டிக் கலப்பார்கள். ஒன்றில் இனிப்பு தூக்கல், இன்னொன்றில் மரத்தின் கசப்பு தூக்கல் என்றால், இரண்டும் சேர்ந்து சமமாகிவிடும். போன வருடம் வாங்கிய பாட்டிலும் இந்த வருடம் வாங்கும் பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கக் காரணம் இந்தக் கலவைதான். சிங்கிள் பேரலில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒரு பீப்பாயைத் திறக்கிறார்கள், வடிகட்டுகிறார்கள், தேவைப்பட்டால் தண்ணீர் சேர்த்து நிரப்புகிறார்கள். அவ்வளவுதான். சுமார் 200 லிட்டர் பிடிக்கும் பீப்பாய், வருடக்கணக்கில் ஆவியானது போக, பொதுவாக 150 முதல் 200 பாட்டில் தரும். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதே சுவை திரும்ப வராது.

ஒரே நாளில், ஒரே சரக்கை ஊற்றி வைத்த இரண்டு பீப்பாய்கள் ஏன் வேறு வேறு ஆகின்றன?

பெரிய காரணம், கிடங்கில் அவை கிடக்கும் இடம். கென்டக்கி மாநிலத்தில் கோடையில் வெயில் 30 டிகிரியைத் தாண்டும், குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். சூட்டில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் புகும், குளிரில் சுருங்கி வெளியே வரும். வரும்போது மரத்தின் நிறத்தையும் மணத்தையும் இழுத்துக்கொண்டு வரும். பல மாடிக் கிடங்குகளில் மேல்தளம் கொதிக்கும், கீழ்த்தளம் குளுகுளுவென்று இருக்கும். மேலே இருக்கும் பீப்பாய் சீக்கிரம் காரமாகி, மரவாசனை ஏறிவிடும். அங்கே ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாக ஆவியாவதால், வருடம் போகப் போக ஆல்கஹால் சதவீதம் கூடுவதும் உண்டு. கீழே இருப்பது மெதுவாக, மென்மையாக முதிரும். ஆவியாகிப் போகும் பங்குக்கு 'தேவதைகளின் பங்கு' என்று செல்லப் பெயர். பீப்பாய்க்குப் பீப்பாய் அதுவும் மாறும். போதாக்குறைக்கு, மரமே ஒன்றுபோல் இன்னொன்று இருப்பதில்லை.

இந்த வித்தியாசத்தைக் குறைக்கவே ஃபோர் ரோசஸ் நிறுவனம் ஒரே தளம் கொண்ட கிடங்குகளைக் கட்டி வைத்திருக்கிறது. இன்னொரு பக்கம் அவர்களே 2 தானியக் கலவை, 5 வகை ஈஸ்ட் வைத்து 10 விதமான போர்பன் காய்ச்சுகிறார்கள். வித்தியாசம் இடத்தால் வரக்கூடாது, செய்முறையால் வரட்டும் என்ற கணக்கு!

இதை ஒரு தனி வகையாக விற்க ஆரம்பித்தது 1984இல். இன்று பஃபலோ டிரேஸ் என்று அழைக்கப்படும் ஆலையில் எல்மர் டி. லீ என்ற மாஸ்டர் டிஸ்டில்லர் கொண்டுவந்ததுதான் பிளான்டன்ஸ். அதே ஆலையை முன்பு நடத்திய ஆல்பர்ட் பிளான்டன், விருந்தினர்களுக்காக 'எச்' கிடங்கின் நடுப்பகுதியில் இருந்து நல்ல பீப்பாய்களைத் தேர்ந்தெடுத்து வைப்பார் என்பது அங்கே சொல்லப்படும் கதை. பெயர் அவருடையது, சரக்கு வருவதும் அந்தக் கிடங்கில் இருந்துதான். அந்தக் கிடங்கின் சுவர் உலோகத் தகடு. வெளியே வெயில் ஏறினால் உள்ளேயும் சட்டென்று ஏறும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். 'போர்பன்', 'ஸ்ட்ரெய்ட்', 'பாட்டில்டு இன் பாண்ட்' எல்லாவற்றுக்கும் அமெரிக்க விதிகளில் வரையறை உண்டு. 'சிங்கிள் பேரல்' என்பதற்குத் தனி வரையறை இல்லை. வயது, ஆல்கஹால் அளவு, தரம் எதற்கும் அந்த இரண்டு வார்த்தை உத்தரவாதம் தராது. அது சொல்வது 'கலக்கவில்லை' என்பதை மட்டும்தான். நல்ல பீப்பாய் கிடைத்தால் அதிர்ஷ்டம், சுமாரானது கிடைத்தால் அதே விலைக்குச் சுமாரான விஸ்கி. நூறு பீப்பாய்களைக் கலந்து ஒவ்வொரு முறையும் ஒரே சுவையைக் கொண்டுவருவதுதான் கஷ்டமான வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மார்க்கெட்டிங்கில் ரொமான்ஸ் எல்லாம் ஒற்றைப் பீப்பாய்க்குத்தான்.

அதனால் லேபிளில் மற்றதைப் படியுங்கள். வயது போட்டிருக்கிறதா? ஆல்கஹால் எத்தனை சதவீதம்? 'பேரல் ப்ரூஃப்' என்றால் தண்ணீர் சேர்க்காதது, 60 சதவீதத்தைக்கூடத் தாண்டலாம். பீப்பாய் எண் இருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். பிடித்துப்போய் இன்னொன்று வாங்கும்போது, அதே பீப்பாயா என்று பார்க்க அதுதான் வழி.

சுவைப்பது எப்படி?

15 மில்லி போதும். வாய் குறுகிய சின்ன கிளாஸ், ஐஸ் வேண்டாம், கோலா வேண்டவே வேண்டாம். கிளாஸுக்குள் மூக்கை நுழைக்காமல், கொஞ்சம் தள்ளிப் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். இல்லையென்றால் ஆல்கஹால் நெடி மட்டும்தான் ஏறும். முதல் சொட்டு நாக்கைப் பழக்குவதற்கு, அதை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். இரண்டாவது வாயில் கொஞ்சம் நேரம் வைத்து, மெல்வது போல அசைத்து விழுங்குங்கள். இதற்கு 'கென்டக்கி சூ' என்றே பெயர். அப்புறம் சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள். மறைந்திருந்த மணங்கள் வெளியே வரும்.

டேஸ்டிங் குறிப்புகளில் பட்டர்ஸ்காட்ச், மேப்பிள் என்று இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். உங்கள் மூக்குக்குத் தெரிந்த பெயரைச் சொல்லுங்கள். கருக்கிய ஓக்கில் இருந்து வெனிலா மணமும், தேங்காய் வாசனை தரும் லாக்டோனும், கிராம்பில் இருக்கும் அதே யூஜெனாலும் இறங்குகின்றன. மரத்தின் சர்க்கரை தீயில் கருகுவதால்தான் அந்தக் கேரமல். வெல்லப்பாகு, கொப்பரை, கிராம்பு என்று நீங்கள் எழுதினால் அது கெமிஸ்ட்ரிப்படியும் சரிதான். வித்தியாசம் நிஜமா என்று பார்க்க ஆசையா? ஒரே பிராண்டின் இரண்டு பீப்பாய் பாட்டில்களை, எது எது என்று தெரியாமல் ஒரு நண்பரை ஊற்றித் தரச் சொல்லுங்கள். விலையும் லேபிளும் கண்ணில் படாதபோது நாக்கு ரொம்ப நேர்மையாகப் பேசும்.

விலை கூடினால் உடம்புக்குக் கெடுதல் குறையுமா? குறையாது. 46.5 சதவீத பிளான்டன்ஸ் 30 மில்லியில் சுமார் 11 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. இதுவரை குடிக்காதவர் இதற்காக ஆரம்பிக்கத் தேவையே இல்லை.

இந்தியாவில் விலை? போர்பனுக்கான இறக்குமதி வரியை மத்திய அரசு 2025 பிப்ரவரியில் 150 சதவீதத்தில் இருந்து 100 ஆகக் குறைத்தது. அதற்கு மேல் மாநில வரிகள் தனி. வெளிநாட்டில் இருந்து வரும் பயணி 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பதால், பலருக்கு முதல் சிங்கிள் பேரல் ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீயில்தான் கண்ணில் படுகிறது. அங்கே 'சிங்கிள் பேரல்' என்ற எழுத்தைப் பார்த்தவுடன் கூடைக்குள் போடாமல், பக்கத்தில் இருக்கும் அதே ஆலையின் சாதாரண பாட்டில் விலையையும் ஒருமுறை பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தொகையைத்தான் அந்த ஒற்றைப் பீப்பாய்க்காக நீங்கள் கட்டுகிறீர்கள்.