தைராய்டின் பங்கு நாலு கிலோ

"அரைச் சாப்பாடுதான் சாப்பிடுறேன், ஆனா உடம்பு ஊதிக்கிட்டே போவுது. தைராய்டு இருக்குல்ல!" கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமை வரிசையில் நின்றாலும் சரி, அரியலூர் பேருந்து நிலையத்தில் நின்றாலும் சரி, இந்தப் பேச்சு காதில் விழும். சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு என்றது, பெண்களுக்குத்தான் அதிகம். ஆகவே புலம்பலில் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

டென்மார்க் மருத்துவர்கள் அதை எடைபோட்டே பார்த்துவிட்டார்கள். சுரப்புக் குறைந்த 12 பேருக்கு மாத்திரை தொடங்கி, ஓராண்டு கழித்து அளந்தார்கள். 2011இல் வெளியான முடிவு: சராசரியாக 4.3 கிலோ குறைந்திருந்தது. உடலின் கொழுப்போ அப்படியே இருந்தது. வெளியேறியது நீர். சுரப்புக் குறையும்போது தோலுக்கடியில் சேரும் ஒருவகைப் பிசுபிசுப்பான பொருள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முகம் அதைத்துத் தெரிவது அதனால்தான். அமெரிக்கத் தைராய்டு சங்கமும் இந்த நோயின் கணக்கில் ஏறும் எடை இரண்டு முதல் நாலரை கிலோ என்றே சொல்கிறது.

இருபது கிலோ கூடியவர், மீதிப் பதினைந்துக்கும் கழுத்திலுள்ள தைராய்டைக் கைகாட்ட முடியாது. அதற்காக அவரைச் சோம்பேறி என்பதும் அநியாயம். அசதி, தசைவலி, குளிர் தாங்காமை என்று உடம்பே இழுத்துப் பிடிக்கும்போது நடமாட்டம் தானாகக் குறைகிறது.

இந்த நோய்க்கு மருந்து கிடைத்த கதை சுவையானது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் முர்ரே என்ற இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து சாறு எடுத்து, 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். வீங்கிச் சோர்ந்து கிடந்தவர் தேறினார். பிறகு அந்தச் சாற்றைக் குடித்தே 74 வயது வரை வாழ்ந்தார். அவருக்காக எண்ணூற்று எழுபதுக்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாயின. 1914 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் எட்வர்ட் கெண்டல், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று ஆட்டை நம்ப வேண்டியதில்லை. ஆலையில் செய்த சிறு மாத்திரை போதும்.

ஆனால் நம் வீட்டு வழக்கங்கள் அந்த மாத்திரையோடு மல்லுக்கு நிற்கின்றன. விடிந்ததும் டிகிரி காபி, கையோடு மாத்திரை. காபி அதன் உறிஞ்சலைக் குறைத்துவிடும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியும் இட்லியும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். சோகைக்கு மாத்திரை தின்னும் பெண்கள் நிறைந்த ஊர்களில் இதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். அளவு சரிதானா என்று பார்க்க ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் டி.எஸ்.எச். பரிசோதனை.

அது சரியாக வந்தும் எடை இறங்கவில்லை என்றால், தானாகவே மாத்திரையைக் கூட்டுவது ஆபத்து. இதயம் தாறுமாறாகத் துடிக்கும், எலும்பு தேயும். மெலிவதற்காகத் தைராய்டு மருந்து தின்பது பழைய மோகம்தான். அமெரிக்காவில் இந்த மருந்தின் குறிப்பிலேயே அதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை இருக்கிறது.

மிச்ச எடைக்கு வழி தட்டில்தான். அரியலூர்ப் பக்கத்து வரகு நல்ல தானியம். ஆனால் கலோரியில் அரிசிக்கு ஏறக்குறைய சமம். சோற்றின் அளவிலேயே வரகைக் குவித்தால் பலன் சொற்பம். குவியலைக் குறைத்து, கொள்ளு, பயறு, முட்டை என்று புரதத்தைக் கூட்டினால் பசி அடங்கும். நடையோடு, தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும்.

தைராய்டுக்கு ஆகாது என்று பலரும் முதலில் கைவிடுவது முட்டைக்கோஸை. அயோடின் உப்புப் பயன்படுத்தும் வீட்டில், வேகவைத்த கோஸ் வழக்கமான அளவில் ஒன்றும் செய்யாது. எடைதான் கவலையென்றால், அந்தப் பொரியலின் மேல் தூவும் அரைமூடித் தேங்காயைக் கவனிக்கலாம்.