வெளிநாட்டுப் பெட்டியும் நம் வீட்டு மின்சாரமும்

வவுனியாவிலிருந்து மன்னார் வீதி வழியே செல்லும்போது நெளுக்குளமும் பட்டாணிச்சூர், சாளம்பைக்குளம் முதலிய அயற்கிராமங்களும் வருகின்றன. இங்குள்ள பல குடும்பங்களின் பிள்ளைகள் கனடாவிலோ ஐரோப்பாவிலோ மத்திய கிழக்கிலோ வாழ்கின்றனர். விடுமுறையில் வரும் பிள்ளை பெற்றோருக்கென ஒரு தொலைக்காட்சிப் பெட்டியையோ ஒலிபெருக்கித் தொகுதியையோ கொண்டுவருவதுண்டு. பிள்ளை திரும்பிச் சென்றதும் அப்பெட்டியுடன் மல்லுக்கட்டும் பொறுப்பு முதியவர்களின் தலையில் விழுகின்றது. படம் வந்தால் ஒலி வருவதில்லை. ஒலி வந்தால் படம் வருவதில்லை. சில வேளைகளில் புகை மாத்திரமே வருகின்றது.

இதை எமது மக்களின் அறியாமை என எண்ணுவது தவறாகும். யுத்த காலத்தில் மின்சாரமின்றி, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் இவர்கள். கோளாறு பெரும்பாலும் நாடுகளின் வேறுபட்ட நியமங்களிலேயே உள்ளது.

முதலாவது, மின்னழுத்தம். இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் ஆகும். கனடாவில் அது 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். சவூதி அரேபியாவிலும் நெடுங்காலம் 127 வோல்ற்று வழக்கிலிருந்தது. 120 வோல்ற்றுக்கு மாத்திரம் செய்யப்பட்ட கருவியை நமது குதையில் செருகினால், ஏறத்தாழ இருமடங்கு அழுத்தம் அதனைத் தாக்கும். ஆகவே பெட்டியின் பின்புறத்தை முதலில் வாசிக்க வேண்டும். "100-240" எனக் குறித்திருந்தால் அச்சமில்லை. "120" என மாத்திரம் இருந்தால் மின்மாற்றி அவசியம். கருவிக்குத் தேவையான வாற்றைவிட மின்மாற்றியின் கொள்ளளவு கூடுதலாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, செருகி. பழைய வீடுகளில் 5 அம்பியர் வட்டமுள் குதைகள் இன்னும் உள்ளன. சதுரமுள் கொண்ட 13 அம்பியர் வகையே 2018 முதல் நாட்டின் ஒரே நியமமாக்கப்பட்டது. சதுரமுள் குதையின் மேல்துவாரத்தைப் பேனை முனையால் அழுத்தித் திறந்து, இருமுள் செருகியை வலிந்து புகுத்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. மேல்துவாரம் புவித்தொடுப்புக்குரியது. அதன் நீண்ட முள் நுழையும்போது மாத்திரமே மற்றத் துவாரங்கள் திறக்கும். சிறுவரின் விரலைக் காப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாட்டை நாமே முறியடிக்கின்றோம். தளர்ந்த தொடுப்பு சூடேறித் தீப்பற்றவும் கூடும்.

மூன்றாவது, ஒளிபரப்பு முறை. 1982 இல் ரூபவாஹினி ஆரம்பமான காலந்தொட்டு நமது அன்டனாவுக்கு வந்தது பீ.ஏ.எல். முறையாகும். வட அமெரிக்கா என்.ரி.எஸ்.சி. முறையைப் பின்பற்றி, பின்னர் வேறொரு டிஜிட்டல் முறைக்கு மாறியது. இலங்கையோ 2014 இல் ஜப்பானிய டிஜிட்டல் முறையைத் தெரிவு செய்தது. எனவே கனடாப் பெட்டியில் அன்டனா வயரைப் பொருத்திவிட்டு, உள்ளூர் அலைவரிசை வரவில்லையே எனக் கலங்குவதிற் பயனில்லை. வெளியே ஒரு செய்மதிப் பெட்டியை வைத்து எச்.டி.எம்.ஐ. வயரால் இணைத்தால் பெரும்பாலும் படம் தெரியும். அப்போதும் தெரியாவிடின், வயர் எந்த இலக்கத் துவாரத்தில் உள்ளதோ அந்த இலக்கத்தையே தொலையியக்கியில் தெரிவு செய்துள்ளோமா எனப் பார்த்தல் வேண்டும். பழுதென எண்ணிக் கடைக்குச் சுமந்து செல்லப்படும் பெட்டிகள் சில, இவ்வொரு பொத்தானுக்காகவே சுமக்கப்படுகின்றன.

இவை யாவும் சரியாக அமைந்தாலும் இடி மின்னல் எஞ்சியுள்ளது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை இடி நமக்குப் புதிதல்ல. ஆளியை நிறுத்துவது மாத்திரம் போதாது. வானம் இருள முன்னரே செருகியையும் அன்டனா வயரையும் கழற்றிவிட வேண்டும். இடி முழங்கத் தொடங்கிய பின் அவற்றைத் தொடலாகாது.

உள்ளூரில் வாங்குவோர் பற்றுச்சீட்டையும் உத்தரவாதப் பத்திரத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். விற்பனையாளர் கைவிரித்தால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோர் அப்பெட்டியில் பார்க்க விரும்புவது பெரும்பாலும் உங்கள் திருமணக் காட்சியையும் பேரப்பிள்ளைகளின் முகத்தையுமே. ஆகவே விமானம் ஏறுமுன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். எந்தப் பொத்தானை முதலில் அழுத்துவது, எதனை அடுத்து அழுத்துவது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுச் செல்லுங்கள். பெட்டியைவிட அந்தத் தாளே அவர்களுக்குப் பெரிதும் உதவும்.