வேற்றுக்கிரகவாசியும் கேட் பாஸும்

தொண்ணூறுகளில், ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்து நாங்கள் நாலு பேர் வாடகை அறையில் ஒரு நகைச்சுவைப் பாட்டு கேசட் தயாரித்தோம். எண்பதுகளில் தூர்தர்ஷன் காட்டிய 'ஸ்டார் ட்ரெக்'தான் மூலப்பிரதி. விண்கலம் கம்பெனி வாசலில் இறங்குகிறது. வாட்ச்மேன் கேட்கிறார்: "கேட் பாஸ் எங்கப்பா? பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" கேள்வி தமிழில், பதில் கன்னடத்தில், வசவு தெலுங்கில். எல்லை ஊரின் பேச்சு அப்படித்தான்.

செய்முறை எளிது. மிக்சியை ஓட்டி ஒரு டேப்ரெக்கார்டரில் விண்கலச் சத்தம் பிடித்தோம். அதை ஓடவிட்டுப் பாடி, இன்னொன்றில் பதிந்தோம்.

இந்த வேலைக்கு ஒரு முன்னோடி உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. 1963இல் பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடருக்கு மெட்டமைத்தவர் ரான் கிரெய்னர். மீட்டிய ஒற்றைத் தந்தியின் ஒலியையும் ஆசிலேட்டர் ஒலிகளையும் நாடாவில் பதிந்து, வேகம் மாற்றி, வெட்டி ஒட்டி அதை இசையாக்கியவர் டெலியா டெர்பிஷயர். 1988இல் 'தி டைம்லார்ட்ஸ்' என்ற பெயரில் இருவர் அந்த மெட்டை வேடிக்கைப் பாட்டாக்கி பிரிட்டனில் முதலிடம் பிடித்தார்கள். டெர்பிஷயரின் பெயர் தொடரின் திரையில் வந்ததோ 2013இல். அவர் 2001இலேயே இறந்துவிட்டார்.

பகடி மூலத்தைக் கேலி செய்தால் மட்டும் போதாது. அதில் மறைந்துகிடக்கும் உழைப்பையும் வெளியே இழுக்க வேண்டும். கான்ட்ராக்ட் ஆள் செய்த பொருளில் அவன் பேர் இருக்காது என்று பாடிய நாங்கள், கேசட் அட்டையில் எங்கள் நாலு பேரையும் எழுதினோம். மிக்சி தந்த பக்கத்து வீட்டு அக்கா கேட்டுவிட்டுச் சிரித்தார்: "சத்தம் என்னுது. என் பேர் எங்கடா?"